இரசிகரும் பதிப்பாசிரியரும்: டோல்கீன் வாசிப்பை முன்வைத்து

மிகுபுனைவு இலக்கியத்தின்மீது தீராப் பற்றுக்கொண்ட வாசகரை ஆய்வுலகம் நெடுங்காலமாக ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளது. ஈடுபாடு மிகுமிடத்து மதிப்பீடு குன்றும் என்பது அவ்வையத்தின் அடிப்படை. ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் (1892–1973) நூல்கள் வாசிக்கப்பட்ட வரலாறு இக்கருத்தை அப்படியே ஏற்க இடந்தருவதில்லை. அந்நூல்களை ஆராய்வோருக்கு இன்றியமையாத கருவிநூல்கள் பலவும் துறைசார் பணியாக அன்றி, வாசகரின் பற்றிலிருந்தே பிறந்தன. அதே பற்று மூலபாடத்தை மறைக்கவும் வல்லது என்பதற்கும் அவ்வரலாற்றிலேயே சான்று உண்டு.

டோல்கீனின் முதல் இரசிகர் என ஒருவரைச் சுட்ட வேண்டுமாயின் அவர் மகன் கிறிஸ்டோபரையே சுட்டவேண்டும். ‘தி ஹாபிட்’ 1937இல் அச்சேறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அக்கதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வந்தது. கேட்டுக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் அப்போது நான்கைந்து வயதுச் சிறுவர். சென்ற முறை பில்போவின் வாயிற்கதவு நீலம் என்றும் தோரினின் முக்காட்டுக் குஞ்சம் பொன்னிறம் என்றும் சொன்ன தந்தை, இப்போது கதவைப் பச்சை என்றும் குஞ்சத்தை வெள்ளி என்றும் சொல்கிறாரே என அவர் இடைமறித்தார். தந்தை சலித்துக்கொண்டாலும், எழுந்து சென்று அதைக் குறித்துவைத்தார். கதையில் முற்றிலும் தோய்ந்திருந்த ஒருவரே இம்முரணைக் கண்டிருக்க இயலும். தோய்தலும் ஒப்புநோக்கலும் அங்கே இருவேறு செயல்களாக இல்லை.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தபோது திறனாய்வாளர் இரண்டுபட்டனர். அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1956இல் அதனைச் சிறுபிள்ளைத்தனமானது என ஒதுக்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனின் விரிவுரைகளைக் கேட்டிருந்த கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் வியந்து பாராட்டியதோடு, இந்நூலைப் பற்றி நடுநிலையான கருத்துடையோரைக் காண்பதே அரிது என்றும் குறித்தார். 1965இல் ஏஸ் புக்ஸ் என்னும் அமெரிக்கப் பதிப்பகம் ஆசிரியரின் இசைவின்றி மலிவுப் பதிப்பை வெளியிட்டது. தமக்கு மடல் எழுதிய வாசகர்களுக்கு அச்செய்தியை டோல்கீன் தெரிவிக்க, அவர்களின் எதிர்ப்பு பரவி, இறுதியில் அப்பதிப்பகம் உரிமத்தொகை வழங்க உடன்பட்டது. பற்றின் மறுபக்கத்தையும் அவர் அறிந்தார். கடல் கடந்த நாட்டு இரசிகர்கள் நேர வேறுபாட்டை எண்ணாது நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்தனர். 1968இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு நீங்கியமைக்கு இத்தொல்லையும் ஒரு காரணம்.

இப்பற்று ஏன் ஆராய்ச்சியின் வடிவத்தை மேற்கொண்டது என்பதே எண்ணத்தக்கது. விடை நூலின் கட்டமைப்பிலேயே உள்ளது. டோல்கீன் மொழிநூலறிஞர், 1925இல் இ. வி. கோர்டனுடன் இணைந்து ‘சர் கவைன்’ என்னும் இடைக்கால ஆங்கிலக் காப்பியத்தைப் பதிப்பித்தவர். தம் புனைவையும் அவர் ஒரு பழஞ்சுவடியின் மொழிபெயர்ப்பாகவே அமைத்தார். நூலின் முற்பகுதி அச்சுவடியின் படிகள் எங்கெங்கு பேணப்பட்டன என விளக்குகிறது. பின்னிணைப்புகள் ஆண்டுக்கணக்கு, குலமரபு, எழுத்துமுறை, நாட்காட்டி ஆகியவற்றைத் தருகின்றன. பாடவேறுபாட்டையே அவர் கதையாக்கிய இடமும் உண்டு. ‘தி ஹாபிட்’ முதற்பதிப்பில் கோலம் என்னும் பாத்திரம் புதிர்ப்போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தர இசைகிறது. பிந்தைய நூலுக்கு அது பொருந்தாமையால் 1951 பதிப்பில் அவ்வியல் திருத்தப்பட்டது. பழைய பாடம் கைவிடப்படவில்லை. மோதிரத்தைத் தன் உடைமையெனக் காட்டப் பில்போ முதலில் சொன்ன பொய் அது எனப் பின்னூலில் விளக்கம் பெற்றது. இத்தகைய நூலில் ஈடுபடுவோர் சுவடி ஒப்பிடும் பழக்கத்தையும் உடன் பெற்றமை வியப்பன்று.

1967இல் அமெரிக்காவில் மித்தோபியிக் சொசைட்டியும், 1969இல் இங்கிலாந்தில் டோல்கீன் சொசைட்டியும் வாசகர்களால் தோற்றுவிக்கப்பட்டன. இராபர்ட் ஃபாஸ்டர் தொகுத்த பெயரடைவு இரசிகர் இதழொன்றில் தொடங்கி 1971இல் நூலாயிற்று. பின்னாளில் கிறிஸ்டோபர் டோல்கீன் தம் பதிப்புப் பணியில் அதன் விரிந்த பதிப்பை அடிக்கடி பயன்படுத்தியதாக எழுதியுள்ளார். ஆசிரியரின் மகனும் பதிப்பாசிரியருமான ஒருவர் ஓர் இரசிகரின் அடைவைக் கையில் வைத்துக்கொண்டு பணிபுரிந்தார் என்பதைவிட வலுவான சான்று வேண்டுவதில்லை. 1978இல் ஜிம் ஆலன் பதிப்பித்த எல்விய மொழி அறிமுக நூல், கையெழுத்துப்படிகள் பெரும்பாலும் வெளிவராத காலத்தில், அச்சான சொற்களையும் தொடர்களையும் மட்டுமே கொண்டு இலக்கணம் வகுத்தது. கல்வெட்டுத் தொடர்களிலிருந்து ஒரு மொழியின் இலக்கணத்தை மீட்டெடுப்போரின் முறை அது.

இனி இதன் இடர். பற்றுடைய வாசகர் இடைவெளியைப் பொறுப்பதில்லை. முரணைக் கண்டதும் தீர்க்க விழைவர். குவென்யா, சிந்தாரின் ஆகிய மொழிகளை டோல்கீன் ஏறத்தாழ அறுபதாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். 1910களின் சொல்லையும் 1960களின் விகுதியையும் இணைத்துப் புதுத்தொடர் இயற்றி, அதனை டோல்கீனின் மொழி எனக் கொள்வோர் பலர். ஆசிரியர் ஒருபோதும் ஒருங்கே ஏற்றிராத வடிவங்கள் அவை. இக்கலப்பைக் கடுமையாகக் கண்டித்த கார்ல் ஹோஸ்டெட்டரும் இரசிகர் மரபினரே என்பது குறிக்கத்தக்கது.

எனினும் இவ்விடருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கிறிஸ்டோபர் டோல்கீனேதான். தந்தை முடிக்காது விட்ட தொன்மக் கதைகளை அவர் கை கே என்னும் இளைஞரின் துணையோடு தொகுத்து 1977இல் ‘தி சில்மரில்லியன்’ என வெளியிட்டார். வெவ்வேறு காலத்துப் படிகளிலிருந்து ஒரே சீரான கதை உருவாயிற்று. டோரியத்தின் அழிவைக் கூறும் இயலில் பதிப்பாசிரியர்கள் தாமே புனைந்து இணைத்த பகுதிகளும் சேர்ந்தன. சிறுவயதில் கதவின் நிறத்தில் முரண் பொறாதவர் முரணற்ற நூலொன்றை ஆக்கியதில் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. பின்னர் 1983 முதல் 1996 வரை பன்னிரு தொகுதிகளில் அவரே படிகளைத் தனித்தனியே பிரித்து, திருத்தங்களுடனும் குறிப்புகளுடனும் வெளியிட்டார். டோரியத் இயலில் பதிப்பாசிரியர் பணியின் எல்லையைக் கடந்துவிட்டதாக 1994இல் வெளிவந்த பதினோராம் தொகுதியில் ஒப்புக்கொண்டார். தம் நூலைத் தாமே அவிழ்த்துக்காட்ட ஒரு பதிப்பாசிரியர் இத்தனை ஆண்டுகளைச் செலவிட்டமைக்கு இணை எளிதில் கிட்டாது.

தமிழில் ‘இரசிகர்’ என்னும் சொல் இன்று திரைப்படச் சூழலோடு பெரிதும் ஒட்டிக்கொண்டுவிட்டது. டி. கே. சிதம்பரநாத முதலியாருக்கு ‘ரசிகமணி’ என்பது பெருமைக்குரிய பட்டமாக இருந்த காலமும் இருந்தது. அவர் கம்பனில் தோய்ந்தவர். அத்தோய்வையே அளவுகோலாக்கி, கம்பன் வாக்கல்ல எனத் தமக்குத் தோன்றிய பாடல்களை விலக்கியும் பாடங்களைத் திருத்தியும் பதிப்பித்தவர். அப்பதிப்பைப் பற்றிய விவாதம் தமிழாய்வாளர் அறிந்ததே. சுவையுணர்வு ஓரிடத்தில் பாடத்தைக் காக்கிறது, மற்றோரிடத்தில் மாற்றுகிறது என்பது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று.

ஹென்றி ஜென்கின்சின் 1992ஆம் ஆண்டு நூலுக்குப் பின் இரசிகர் ஆய்வு தனித்துறையாக வளர்ந்தது. இரசிகரைப் பண்பாட்டுச் செயற்பாட்டாளராக மதித்தது அத்துறையின் நற்பணி. ஆயினும் அது அவர்களை ஆய்வுப்பொருளாகக் கண்ட அளவுக்கு ஆய்வுத் துணைவராகக் காணவில்லை. ஓர் இரசிகர் ஏன் அடைவு தொகுத்தார் என்று கேட்கும் ஆய்வாளர், அவ்வடைவு சரியா என்று கேட்பது அரிது. அடைவைத் தொகுத்தவருக்கு மரியாதை செய்யும் வழி இரண்டாம் கேள்வியே. பிழை கண்டு திருத்தத்தக்க பணியாக அதனை ஏற்கும்போதுதான் அது புலமையாக ஏற்கப்பட்டதாகும். மேற்கோள் காட்டாமல் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கமும் அப்போதே ஒழியும்.

ஹோஸ்டெட்டர் தொழிலால் நாசாவின் கணினி அறிவியலாளர். அவர் பதிப்பித்த ‘தி நேச்சர் ஆஃப் மிடில்-எர்த்’ 2021இல் வெளிவந்தது. எல்வியர் எத்தனை ஆண்டுகளில் முதிர்வர், ஒரு தலைமுறைக்கு எவ்வளவு காலம் என டோல்கீன் தம் இறுதிக்காலத்தில் மீண்டும் மீண்டும் போட்ட கணக்குகள் அதில் உள்ளன. ஒன்றுக்கொன்று ஒவ்வாத அக்கணக்குகளை அவர் இசைவிக்க முயலவில்லை. அடுத்தடுத்து அப்படியே அச்சிட்டுள்ளார்.