‘சுத்தக்காரி’

குண்டசாலையில் என் அயலிலே ஓர் ஆசிரியை இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பாடசாலை விட்டு வந்ததும் கைகழுவத் தொடங்குவார். தோல் வெடித்துக் குருதி கசிந்தாலும் ஓயார். ஊரார் அவரைச் ‘சுத்தக்காரி’ என்று புகழ்ந்தனர். நானும் அவரை மாணவர்க்கு உதாரணமாகக் காட்டினேன் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மகாவலி கங்கை முழுவதையும் இறைத்து ஊற்றினாலும் தம் கைக்குப் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் நிறுத்த இயலாமையே இந்நோயின் இலக்கணம்.

மருத்துவர் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர். வேண்டாத எண்ணமொன்று திரும்பத் திரும்ப எழும். அதன் அச்சத்தைத் தணிக்க ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழும். ஆசாரம் என்று இதற்குப் பெயரிட்டவர்கள் நோயாளியை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தவர்களே.

நரம்பணுக்கள் தம்முள் செய்தி பரிமாற உதவும் பொருள்களுள் ஒன்று செரட்டோனின். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அதனைக் குருதியிலிருந்து பிரித்தெடுத்தோர், குருதிக் குழாயைச் சுருக்கும் பொருளாகவே அதனைத் தேடினர். 1960களின் பிற்பகுதியில், மனச்சோர்வுக்குரிய குளோமிப்பிரமின் இந்நோயாளர்க்கும் உதவுவதை ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கண்டனர். பின்னர் அதனைத் தெசிப்பிரமின் என்னும் அதன் இனத்து மருந்தோடு ஒப்பிட்டனர். முன்னது செரட்டோனினை நரம்பணு மீள உறிஞ்சாது பெரிதும் தடுப்பது, பின்னது நோரட்ரினலினை. முன்னதே பயன் தந்தது. புளுவொக்செற்றின் முதலிய பிற்கால மருந்துகளும் செரட்டோனின் வழியே செல்வன.

இதைக் கொண்டு, ‘செரட்டோனின் குறைவே நோய்’ என்று மேடையில் முழங்குவோரும் உளர். கொத்தமல்லி அவித்துக் குடித்துத் தடிமன் தணிந்தால், உடம்பிலே கொத்தமல்லி குறைந்தா தடிமன் வந்தது? அத்தகைய குறைவு நிறுவப்படவில்லை. மூளையின் முன்பகுதியையும் ஆழ்பகுதியையும் இணைக்கும் நரம்புப் பாதைகளின் கோளாற்றையே ஆய்வாளர் இன்று பெரிதும் கருதுகின்றனர்.

மருந்து பலிக்கப் பொறுமை வேண்டும். மனச்சோர்வுக்குரிய அளவினும் பெரும்பாலும் மிகுதியாக, 8 முதல் 12 வாரம் வரை கொடுத்த பின்னரே அதன் பயனை மதிப்பிடுவர். அவ்வாசிரியையின் வீட்டாரோ மூன்றாம் வாரத்திலேயே, ‘பயனில்லை’ என்று குளிசையை நிறுத்திவிட்டனர்! பேராதனைப் போதனா வைத்தியசாலை நமக்கு எட்டாத தூரமன்று, எட்டாதது பொறுமைதான்.

குளிசையோடு பயிற்சியும் உண்டு. அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, கழுவாதிருக்கப் பழக்கும் முறையை 1966இல் இலண்டனிலிருந்து விக்டர் மேயர் எழுதினார். அச்சம் எழுந்து தானே அடங்குவதை மனம் அங்கே கற்கிறது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பணிசெய்வோனையும் ஒரு கூறாக வைத்தார். பல்லாண்டு அக்குறளைக் கற்பித்தும் நான்காம் கூற்றின் கனத்தை நான் உணரவில்லை. அவ்வம்மையாரின் கணவர், “கை சுத்தமாய்த்தான் இருக்கிறது” என்று நாள்தோறும் பலமுறை உறுதி கூறுவார். அந்த அன்பே நோய்க்கு உணவாயிற்று. மருத்துவர் விளக்கிய பின், “பதில் சொல்லமாட்டேன், பக்கத்திலே இருக்கிறேன்” என்று சொல்லப் பழகினார். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியதாம்.

குளிசை மீண்டும் தொடங்கி ஐந்து மாதம் சென்றபின் ஒரு மாலை அங்கே போனேன். மாணவர் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை எழுந்து கைகழுவி வந்தார். மற்றக் கொப்பிகளையும் எடுத்தார்.