கதிரை அறுக்கும், கழுத்தை அறுக்கும், மனசையும் அறுக்கும் ஒரு சொல்!

வெங்காயத்தை நறுக்கலாம். மரத்தை வெட்டலாம். பூவைக் கொய்யலாம். பென்சிலைச் சீவலாம். துணியைக் கத்தரிக்கலாம். கத்தி படுகிற விதத்துக்கெல்லாம் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. இன்று பல வீடுகளில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: 'கட் பண்ணு'. அப்படியும் தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கிற ஒரு சொல் இருக்கிறது. அதுதான் 'அறு'.

ஓங்கினால் வெட்டு, இழுத்தால் அறுப்பு

வெட்டுவதும் அறுப்பதும் ஒன்றல்ல. கோடரியை ஓங்கிப் போட்டால் அது வெட்டு. ரம்பத்தை வைத்து முன்னும் பின்னும் இழுத்தால் அது அறுப்பு. நெற்கதிரை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையில் அரிவாளை இழுப்பதால்தான் அது கதிர் அறுப்பு, அறுவடை. கிணற்றை வெட்டுவார்கள், யாரும் அறுப்பதில்லை.

இந்த வித்தியாசம் பேச்சு வழக்கிலும் அப்படியே வருகிறது. பட்டென்று முடிவு சொல்கிறவரை 'வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு' என்கிறோம். ஒரே போடுதான், விஷயம் முடிந்தது. சொன்னதையே சொல்லி, விடாமல் இழுத்துக்கொண்டே போகிறவருக்கு என்ன பெயர்? 'அறுவை'. கொஞ்சம் கோபம் அதிகமானால் 'ரம்பம்'. காலேஜ் பக்கம் போனால் 'பிளேடு'. கருவி மாறினாலும் வேலை மாறவில்லை. பேசுகிறவர் இழுக்க இழுக்க, கேட்கிறவர் பொறுமை அறுந்துகொண்டே வருகிறது!

நம்பியவர் செய்யும் துரோகத்துக்குக் 'கழுத்தறுப்பு' என்று பெயர். ஆஸ்பத்திரியில் உயிர் காக்கச் செய்வதும் 'அறுவை சிகிச்சை'. யார் கையில் கத்தி, எதற்காக என்பதைப் பொறுத்து அதே சொல் கொல்லவும் செய்கிறது, காப்பாற்றவும் செய்கிறது.

இல்லாமைக்குள் ஒளிந்திருக்கும் 'அறு'

அறுப்பதற்கு ஆள் வேண்டும். தானாகவே அறுவதற்கு யாரும் வேண்டாம். 'கயிற்றை அறுத்தான்' என்றால் ஒருவர் செய்தது. 'கயிறு அறுந்தது' என்றால் அதுவாக நடந்தது. இந்த இரண்டாவது வகையிலிருந்து வந்ததுதான் 'அற்ற' என்ற சொல். வேலையற்ற, வீடற்ற, ஆதரவற்ற... ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கயிறு அறுந்து கிடக்கிறது. 'அறவே பிடிக்காது' என்பதில் இருக்கும் 'அற'வும் இதே குடும்பம்தான். ஒன்றுக்கு எல்லை குறித்துச் சொல்லும் 'வரையறை'யிலும் இந்த அறு இருக்கிறது.

ஏழை விதவைகளுக்கு அரசு தரும் ஒரு சான்றிதழின் பெயர், 'ஆதரவற்ற விதவைச் சான்றிதழ்'. சலுகைகளுக்காக அதை வாங்க அலுவலகப் படியேறும் பெண், தன் வாழ்க்கையில் எது அறுந்தது என்பதைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

பெருகிய தாலி, அறுத்த தாலி

தாலிச் சரடு நைந்து அறுந்துவிட்டால் பெரியவர்கள் 'அறுந்தது' என்று சொல்ல மாட்டார்கள். 'பெருகிற்று' என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் 'குளிர வை' என்று சொல்வதைப் போல, இதுவும் மங்கல வழக்கு. அறு என்ற சொல் காதில் விழுவதற்கே அவ்வளவு பயம்.

அந்தப் பயம் சுமங்கலிகளுக்கு மட்டும்தான் மரியாதையாக மாறியது. கணவனை இழந்தவளிடம் அதே வழக்கு இரக்கம் காட்டவில்லை. 'தாலியறுத்தவள்', 'அறுதலி' என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னது. சரடு தேய்ந்து அறுந்தால் 'பெருகிற்று' என்று மூடி மறைத்தார்கள். சாவு வந்து பிரித்தாலோ, 'அறுத்தவள்' என்று பழியை அவள் தலையில் போட்டார்கள். அறுந்தது அதுவாக நடந்தது, அறுத்தது ஒருவர் செய்தது என்ற இலக்கணம் இங்கே மட்டும் தலைகீழாகிவிட்டது.

இன்று வீட்டிலும் ஆபீஸிலும் 'ஏன்டா தாலிய அறுக்குற?' என்று ஆண்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். 'தொந்தரவு பண்ணாதே' என்பதற்கு மேல் அதில் வேறு அர்த்தம் இல்லை என்றே நினைக்கிறார்கள். பக்கத்து மேஜையில், அதை நிஜமாகவே அனுபவித்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அது வெறும் பேச்சு வழக்கு அல்ல.

அறுத்தால் கட்டவும் செய்யலாம்

இதே சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சில சமூகங்களில் 'அறுத்துக்கட்டுதல்' என்ற வழக்கு இருந்தது. ஒரு திருமண உறவு முடிந்த பின் இன்னொரு திருமணம் செய்துகொள்வதுதான் அது. இந்து விதவைகள் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-ல் வந்தது. தமிழக அரசு, டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண நிதியுதவித் திட்டத்தையும் கொண்டுவந்தது. அறுந்தது அறுந்ததுதான் என்று விடாமல், பக்கத்திலேயே 'கட்டு' என்ற சொல்லையும் வைத்துப் பேசிய ஊர்களும் இங்கே இருந்திருக்கின்றன.

அடுத்த முறை யாராவது ரம்பம் போட்டால், 'அறுவை தாங்கல' என்று தாராளமாகச் சொல்லலாம், அதில் யாருக்கும் காயமில்லை. 'தாலிய அறுக்காத' என்று வாய்வரை வந்தால் மட்டும் அதை அங்கேயே நிறுத்திவிடலாம். சொல்ல வந்த எரிச்சலைச் சொல்ல, 'உயிரை வாங்காத' போதுமே!