கப் மட்டும் கொடுத்தால் போதுமா?

நாப்கின் வாங்கினால் அதைச் செய்தித்தாளில் சுற்றி, கருப்புப் பையில் போட்டுக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. இப்படி மறைத்தே பழகிய ஊரில் ஒரு பெண் மென்சுரல் கப் பற்றி யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பாள்? கேட்காமலே வாங்கி, ஒரு முறை முயன்று பார்த்து, வலிக்கிறது என்று அலமாரியில் போட்டுவிடுகிறாள். குறை பெரும்பாலும் கப்பில் இல்லை. யாரும் சொல்லித் தராததில்தான் இருக்கிறது.

கப் நேற்று முளைத்த பொருள் அல்ல. அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் 1937-லேயே ரப்பர் கப்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று வருபவை பெரும்பாலும் மருத்துவத் தர சிலிகான். ஒன்று வாங்கினால் பல வருடம் வரும். 2019-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழ் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கப் பாதுகாப்பானதுதான் என்றது. கூடவே, பழகச் சில மாதங்கள் ஆகலாம் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் விளம்பரங்கள் விட்டுவிடுகின்றன.

முதல் பயம், உள்ளே போய்த் தொலைந்துவிடுமோ என்பது. தொலையாது. மேலே கருப்பை வாய் இருக்கிறது. அதன் சின்னத் துளையில் கப் நுழையவே முடியாது. அடுத்த பயம் கன்னித்தன்மை. கன்னிச்சவ்வு கொஞ்சம் விரியலாம், கிழியவும் செய்யலாம். ஆனால் சவ்வைப் பார்த்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கணிக்க முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வலிக்குப் பெரும்பாலும் காரணம் பயமும் அவசரமும். உடம்பு இறுகியிருந்தால் எதுவும் உள்ளே போகாது. கையை சோப்பு போட்டுக் கழுவி, கப்பை 'C' மாதிரி மடித்து, குந்தி உட்கார்ந்து, பின்பக்கமாகச் சாய்த்துச் செலுத்த வேண்டும். தண்ணீரில் நனைத்தால் சுலபம். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடிப்பகுதியை அழுத்திக் காற்றுப்பிடிப்பை விடுவித்த பிறகே எடுக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும். காப்பர்-டி போட்டவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். கப் உள்ளே இருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, உடம்பில் தடிப்பு வந்தால் கப்பை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் ஆபத்தானது.

இவ்வளவுக்கும் தேவை தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள கழிவறை, ஒரு பாத்திரம், ஓர் அடுப்பு. அடுப்புக்கே தடை போடும் விடுதியில் கப்பை எங்கே கொதிக்க வைப்பது? பொதுக் குழாயில் எல்லார் முன்பும் யார் கழுவுவாள்?

ஆலப்புழா நகராட்சி 2019-ல் 'திங்கள்' என்ற திட்டத்தில் 5000 கப்களை இலவசமாகக் கொடுத்தது. கொடுத்ததோடு விடவில்லை, எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பும் நடத்தியது. மற்ற ஊர்கள் பின்பற்ற வேண்டியது இதைத்தான். கல்லூரிகள் நாப்கின் இயந்திரத்தைத் திறந்து வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நிற்காமல், பெண் மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம். விடுதியில் ஒரு பாத்திரத்தையும் அடுப்பையும் இதற்கென்றே ஒதுக்கலாம்.

அதன் பிறகும் ஒருத்திக்கு நாப்கின்தான் வசதி என்றால் அது அவள் விருப்பம். ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், பயந்து எடுத்ததாக இருக்கக் கூடாது.