முகப்பில் போன 272 வெள்ளி

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பெர்த் போய்வந்த என் அண்ணன் மகன், திரும்பியதும் என்னிடம் பெருமையாகச் சொன்ன முதல் செய்தி, வாடகை காரில் 48 வெள்ளி மிச்சம் பிடித்ததுதான். கடன்பற்று அட்டைச் சலுகையில் பத்து விழுக்காடு தள்ளுபடியாம். அதற்காக மூன்று இரவு இணையத்தளங்களை அலசியிருக்கிறான்.

"முகப்பில் வேறு ஏதாவது கட்டினாயா?" என்று கேட்டேன்.

"காப்புறுதிக்கு ஒரு நாளைக்கு 34 வெள்ளி, சித்தப்பா. நடுராத்திரி, பாப்பா அழுகிறாள், பின்னால் நீண்ட வரிசை. சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

எட்டு நாளுக்கு 272 ஆஸ்திரேலிய வெள்ளி!

அங்கே பொதுவாக வாடகையிலேயே அடிப்படைக் காப்பு சேர்ந்திருக்கும். ஆனால் காருக்குச் சேதம் வந்தால், ஒரு குறிப்பிட்ட தொகை வரை வாடகைக்கு எடுத்தவர்தான் கட்டவேண்டும். அதை 'எக்ஸஸ்' என்கிறார்கள். சில இடங்களில் அது பல ஆயிரம் வெள்ளி. அவன் ஒப்பந்தத்தில் 2,200. அதைக் குறைப்பதற்குத்தான் முகப்பில் அந்தத் தினக்கட்டணம்.

சிங்கப்பூரில் விற்கும் பல பயணக் காப்புறுதித் திட்டங்களில், இந்த எக்ஸஸ் தொகையைத் திருப்பித் தரும் பிரிவு ஒன்று உண்டு. அவன் திட்டத்தைத் திறந்து பார்த்தோம். 1,500 சிங்கப்பூர் வெள்ளி வரை காப்பு இருந்தது. மீதியிருந்த சில நூறு வெள்ளிக்காக 272 வெள்ளி கொடுத்திருக்கிறான்.

"அட்டையிலேயே இலவசக் காப்புறுதி இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இணையக் காணொளிகளில் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் வெளியாகும் பல அட்டைகளுக்கு அது பொருந்தும். நம் ஊர் அட்டைகள் தரும் இலவசப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் விபத்து, விமானத் தாமதம், பெட்டி தொலைவது ஆகியவற்றோடு நின்றுவிடும். அதுவும் விமானச் சீட்டு முழுவதையும் அதே அட்டையில் வாங்கியிருந்தால்தான். விதிமுறைகளில் வாடகை கார் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அந்த அட்டையை நம்பி முகப்பில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பயணக் காப்புறுதியிலும் ஓட்டைகள் உண்டு. வாடகை ஒப்பந்தத்தை மீறி ஓட்டினால் பணம் வராது. பெர்த்துக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள 'பினக்கிள்ஸ்' சுண்ணாம்புத் தூண்களைப் பார்க்காமல் நம்மவர்கள் திரும்புவதில்லை. தூண்களுக்கு நடுவே ஓடும் நான்கு கிலோமீட்டர் சுற்றுப்பாதை தார் போடாதது. பல வாடகை ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்கின்றன. நகருக்கு வெளியே இருட்டியபின் ஓட்டத் தடை விதிப்பவர்களும் உண்டு, கங்காரு குறுக்கே பாய்வதால். டயரும் முன்கண்ணாடியும் சேருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சேதம் வந்தால் முதலில் உங்கள் அட்டையில்தான் பிடிப்பார்கள். ஒப்பந்தம், சேத அறிக்கை, பழுதுபார்த்த ரசீது எல்லாவற்றையும் கொடுத்து, காப்புறுதி நிறுவனத்திடம் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வாரக்கணக்காகலாம். அவ்வளவு பணம் முடங்கினால் வீட்டுச் செலவு தடுமாறும் என்பவர்கள் முகப்பில் கட்டுவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்யலாமே! பதிவு செய்யும்போதே இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் விலையும் குறைவு.

காரை எடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் தடுத்து வைப்பார்கள். ஓட்டுநர் பெயரிலுள்ள கடன்பற்று அட்டையைத்தான் பல நிறுவனங்கள் கேட்கின்றன. வெளிநாட்டு நாணயத்துக்காக நாம் வைத்திருக்கும் டெபிட் அட்டையோ முன்கட்டண அட்டையோ அங்கே செல்லாமல் போகலாம். கட்டணம் செலுத்தும்போது, சிங்கப்பூர் வெள்ளியா ஆஸ்திரேலிய வெள்ளியா என்று கருவி கேட்டால், ஆஸ்திரேலிய வெள்ளியையே அழுத்துங்கள். நம் வங்கிகள் அதற்கு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேலே கட்டணம் பிடிக்கும்தான். ஆனாலும் அந்தக் கருவி போடும் மாற்றுவிகிதம் பெரும்பாலும் அதைவிட மோசம்.

சாவியை வாங்கியதும் காரைச் சுற்றிக் கைப்பேசியில் ஒரு காணொளி எடுங்கள். பெட்ரோல் அளவையும் சேர்த்து. திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்று.

அண்ணன் மகன் ஜூன் விடுமுறைக்கு மறுபடியும் கிளம்புகிறான். மனைவியும் மாறி மாறி ஓட்டலாமா என்று போன வாரம் கேட்டான். அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்தால் ஓட்டலாம், சேர்க்காமல் ஓட்டி இடித்தால் எந்தக் காப்புறுதியும் வராது என்றேன். பெயர் சேர்க்க எவ்வளவு என்று இந்த முறை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவைத்திருக்கிறான்.