பனி இருக்கு, ரிங்க் இல்லை: இந்தியப் பெண்களின் ஐஸ் ஹாக்கி வெண்கலம் சொல்வது என்ன?

தூத்துக்குடி மாவட்டத்தில் ஊருக்கு ஒரு விளையாட்டு உண்டு. காயல்பட்டினம்னா கால்பந்து. ஐக்கிய விளையாட்டுச் சங்கம் நடத்தும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கு வெளிமாநில அணிகளும் வரும். கோவில்பட்டின்னா ஹாக்கி. மாரீஸ்வரன் சக்திவேல் போன்ற இந்திய அணி வீரர்களைக் கொடுத்த ஊர் அது. ஆனால் இந்த இரண்டு ஊரிலும் ஆட இடமே இல்லாத ஒரு விளையாட்டு இருக்கிறது: ஐஸ் ஹாக்கி.

அந்த விளையாட்டில்தான் 2025 ஜூனில் இந்தியப் பெண்கள் அணி ஆசிய அளவில் வெண்கலம் வென்றது. பதக்கம் கிடைத்தது பனிமலையில் அல்ல, ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில். வளைகுடாவில் வேலை பார்க்கும் காயலர்களுக்கு அறிமுகமான பெயர்தான். பாலைவன ஊரில் ஐஸ் ஹாக்கி எப்படி? இந்திய அணியில் ஆடுவது யார்? இந்தப் பதக்கத்துக்கும் தென்கோடித் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அல் ஐனில் என்ன நடந்தது?

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு நடத்தும் பெண்கள் ஆசியக் கோப்பை 2025 மே 31 முதல் ஜூன் 6 வரை அங்கே நடந்தது. மலேசியா, அமீரகம், கிர்கிஸ்தான் அணிகளை வீழ்த்தி இந்தியா மூன்றாம் இடம் பிடித்தது. ஈரானுக்குத் தங்கம், பிலிப்பைன்ஸுக்கு வெள்ளி. இந்திய அணியில் பெரும்பாலானோர் லடாக் பெண்கள்.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

நம்ம ஊர் ஹாக்கியோடு பெயரும் மட்டையும்தான் பொது. ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் 6 பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். பந்துக்குப் பதில் ‘பக்’ எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. 20 நிமிடங்கள் வீதம் 3 பகுதிகள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்றலாம். வேகம் அதிகம் என்பதால் ஒரு வீராங்கனை சுமார் ஒரு நிமிடம் ஆடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குவார், அடுத்தவர் இறங்குவார். சர்வதேச ரிங்க் சுமார் 60 மீட்டர் நீளம், 26 முதல் 30 மீட்டர் அகலம்.

முக்கியமான விஷயம்: இதற்கு வானத்திலிருந்து பனி கொட்ட வேண்டியதில்லை. கான்கிரீட் தளத்துக்குள் குளிரூட்டும் குழாய்களைப் பதித்து, மேலே தண்ணீரை அடுக்கடுக்காக உறையவைத்தால் போதும். வெளியே 45 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே ஆட்டம் நடக்கும். தேவை காசும் கரன்ட்டும்.

லடாக் பெண்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் குளங்கள் உறையும். அங்கே பணியிலிருந்த ராணுவத்தினரைப் பார்த்து உள்ளூர் ஆண்கள் ஆட ஆரம்பித்தார்கள். பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு பொருத்தி ஆடிய காலம் அது. பெண்கள் மட்டையைப் பிடித்தது அதற்கு வெகுநாள் கழித்து. லே அருகே உள்ள செக்மோல் என்ற மாற்றுக் கல்வி நிறுவனத்தின் மாணவிகள் தங்கள் வளாகத்திலேயே பனித்தளம் அமைத்து ஆடினார்கள். தொடக்க கால இந்திய அணிக்கு அங்கிருந்து பலர் வந்தார்கள்.

2016-ல் தைபேயில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பைதான் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேசப் போட்டி. செலவுக்குப் பணம் இல்லாமல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. அங்கே ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்று முதல் வெற்றியைப் பதிவு செய்தது ரின்சென் டோல்மா தலைமையிலான அணி.

அந்தக் கதை வெளியுலகுக்குப் போனதும் உதவி வந்தது. கனடாவுக்காக ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்ற ஹெய்லி விக்கன்ஹைசர், 2018 ஜனவரியில் லேவுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அதே ஆண்டு இந்திய அணி கனடாவின் கால்கரி நகருக்குப் போய், அவர் நடத்தும் போட்டித் திருவிழாவில் ஆடியது. 2024-ல் லடாக்கில் தொடங்கிய ஐஸ் ஹாக்கி லீக்கில் பெண்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு. திருவொற்றியூர் புல்லட் கம்பெனி என்றால் இன்னும் எளிதாகப் புரியும்.

அப்புறம் என்ன பிரச்னை?

லடாக்கில் இயற்கைப் பனி கைகொடுப்பது வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம்தான். அந்த இரண்டு மாதத்தில் எல்லா அணியும், எல்லா போட்டியும், எல்லா பயிற்சியும் நடந்தாக வேண்டும். குளிர் தாமதமானால் அதிலும் சில வாரம் போய்விடும். கூட்டம் அதிகமானால், பின்னால் வந்தவர்களுக்கு மிச்ச நேரம்தான். அங்கே பின்னால் வந்தவர்கள் பெண்கள்.

மற்ற மாதங்களுக்கு என்ன வழி? டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகச் சர்வதேசத் தரத்தில் ‘ஹிமாத்ரி’ ரிங்க் கட்டப்பட்டது. போட்டி முடிந்ததும் மின்கட்டணமும் பராமரிப்புச் செலவும் கட்டுப்படியாகாமல் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. மறுபடி திறந்தது 2025-ல்தான். இடைப்பட்ட காலத்தில் தேசிய அணி, குருகிராமில் ஒரு மாலுக்குள் இருந்த சிறிய ரிங்க்கில் பயிற்சி எடுத்திருக்கிறது.

இப்போது பதக்கப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 2017-ல் இந்தியா தோற்கடித்த பிலிப்பைன்ஸ், 2025-ல் இந்தியாவுக்கு மேலே நிற்கிறது. அந்த நாட்டில் பனியே பெய்யாது. ஆனால் மணிலாவின் பெரிய மால்களில் வருஷம் முழுக்க ரிங்க் ஓடுகிறது. அமீரகமும் மலேசியாவும் ஆடுவது அப்படித்தான். தோல்வி வெற்றிக்கு ரிங்க் மட்டுமே காரணம் இல்லை. பயிற்சியாளர், பணம், புலம்பெயர்ந்த வீராங்கனைகள் என வேறு காரணங்களும் இருக்கும். ஆனால் 12 மாதம் ஆடுபவருக்கும் 2 மாதம் ஆடுபவருக்கும் உள்ள வித்தியாசத்தை வேறு எதுவும் எளிதில் ஈடுகட்டாது. இயற்கைப் பனி உள்ள நாடு, பனியே இல்லாத நாட்டுக்குப் பின்னால் நிற்பதன் கணக்கு இதுதான்.

இந்த வெண்கலம் எவ்வளவு பெரிசு?

மிகைப்படுத்தத் தேவையில்லை. ஆசியாவின் பலமான அணிகளான ஜப்பான், சீனா, கஜகஸ்தான், தென்கொரியா இந்தக் கோப்பையில் ஆடவில்லை. அவர்களின் களம் உலக சாம்பியன்ஷிப். 1990-ல் ஒட்டாவாவில் தொடங்கிய பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் இதுவரை பட்டம் வென்றவை கனடா, அமெரிக்கா என இரண்டே நாடுகள். 1998 நாகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்தது. தங்கமும் இந்த இரண்டு நாடுகளைத் தாண்டவில்லை. உலக சாம்பியன்ஷிப்பில் மேல் பிரிவுக்குக் கீழே பல படிகள் உண்டு. காயலர்கள் தலைமுறைகளாக வணிகம் செய்யும் ஹாங்காங்கின் பெண்கள் அணி, அந்தக் கீழ்ப் படிகளில் ஆடுகிறது. இந்தியா ஏற வேண்டிய ஏணி அது.

ஆனால் நன்கொடையில் டிக்கெட் போட்டுப் போன அணி, ஒன்பதே ஆண்டுகளில் மேடையேறியிருக்கிறது. அதைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன?

ஒன்று, வழி இருக்கிறது. சர்வதேச அளவிலான ரிங்க் தமிழ்நாட்டில் இல்லை என்றாலும் சக்கர ஸ்கேட்டிங் இருக்கிறது. 2023-ல் நடந்த ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் பெண்கள் 3,000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் தமிழகத்தின் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் இருவரும் இருந்தார்கள். சக்கரத்திலிருந்து பனிக்கு மாறுவது புதிதல்ல. 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்பீடு ஸ்கேட்டிங் 500 மீட்டர் தங்கம் வென்ற அமெரிக்காவின் எரின் ஜாக்சன் அப்படி வந்தவர்தான்.

இரண்டு, உடை ஒரு தடை என்ற வாதம் இங்கே நிற்கவில்லை. தங்கம் வென்ற ஈரான் பெண்கள் ஹெல்மெட்டுக்குள் ஹிஜாபோடுதான் ஆடினார்கள். அமீரக வீராங்கனை ஃபாத்திமா அல் அலி, 2017-ல் அமெரிக்காவின் தொழில்முறை லீக் ஆட்டம் ஒன்றைச் சம்பிரதாயமாகத் தொடங்கிவைக்க வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார். அவரும் ஹிஜாப் அணிந்து ஆடுபவர். மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் காயல்பட்டினத்தில் மட்டும் அல்ல, எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டிய உதாரணங்கள் இவை.

மூன்று, மைதான நேரம். லடாக் பெண்களுக்கு ஆசை இருந்தது, திறமை இருந்தது. கிடைக்காமல் இருந்தது தளமும், தளத்தில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நேரமும். காயல்பட்டினத்தில் ரிங்க் கட்டச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கால்பந்து மைதானங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன, கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை ஹாக்கி மைதானம் இருக்கிறது. அவற்றின் வாராந்திர அட்டவணையில் பெண் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு கோடிக்கணக்கில் பட்ஜெட் வேண்டாம். பள்ளி நிர்வாகமும் விளையாட்டுச் சங்கங்களும் உட்கார்ந்து பேசினால் ஒரு மாலைப்பொழுதில் முடிவெடுக்கக்கூடிய விஷயம் அது.