கிளைரிசிடியா: பூத்த பிறகு வெட்டாதீர்கள்

தேவதானப்பட்டியிலிருந்து மஞ்சளாறு அணைப் பக்கம் தை, மாசியில் போனால், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் தோட்ட வேலிகளைப் பார்க்கலாம். கிளைரிசிடியாதான். நம் விவசாயிகள் பலர் அப்போதுதான் அரிவாளோடு வேலிக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் வெட்டினால் விறகு கிடைக்கும், தழை கிடைக்காது.

இதன் தழையில், உலர் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா பரிந்துரை. வட்டப்பாத்தியில் 50 கிலோ பசுந்தழை இட்டால் அதில் பாதியளவு தழைச்சத்து மண்ணில் சேரும். (சாம்பல்சத்துக்கு இது ஈடாகாது, பொட்டாஷைக் குறைக்க வேண்டாம்.) இலங்கையில் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக இதை 2006-லேயே அறிவித்துவிட்டார்கள். நாமோ இன்னும் வேலியாக மட்டுமே பார்க்கிறோம்.

புரட்டாசியில் ஒரு கவாத்து, கார்த்திகைக் கடைசியில் இன்னொன்று. மழை ஈரத்தில் தழை சீக்கிரம் மட்கும். அப்படி வெட்டிய செடி அந்தத் தையில் அவ்வளவாகப் பூக்காது. தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு பக்க வேலியை வெட்டாமல் விடுங்கள்.

புதிதாக நடுபவர்கள் முற்றிய கிளையில், மூன்று விரல் கனத்தில், நாலடிப் போத்தாக எடுங்கள். பச்சைக் குச்சி வேண்டாம், அழுகிவிடும். வெட்டிய தழையை ஆடு முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போகும். ஒரு நாள் வாட வைத்துப் போட்டுப் பாருங்கள்.