உரையில்லாச் சூத்திரங்கள்

தமிழ்த் தரவகங்களைக் கொண்டு ஆய்வு செய்வோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ஆய்வேட்டின் வழிமுறை இயலில் "சொற்கள் கணினிவழிப் பிரித்தெடுக்கப்பட்டன" என்று ஒற்றை வரி இருக்கும். எந்த வடிவத்தைக் கொடுத்துப் பிரித்தார்கள் என்பது எங்கும் இராது. வற்புறுத்திக் கேட்டால், அடைப்புக்குறிகளும் நட்சத்திரங்களும் சிதறிக் கிடக்கும் முழநீள ரெஜெக்ஸ் ஒன்றை அனுப்புவார்கள். ஆறு மாதம் கழிந்தால் எழுதியவருக்கே அது விளங்காது. புறத்தேர்வாளரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இது நிரலாளரின் ரசனை பற்றிய சச்சரவு அன்று. வடிவமே இங்குச் சான்று. சான்றைப் படிக்க இயலாத ஆய்வை எவ்வாறு மதிப்பிடுவது?

நான் வசிக்கும் பகுதியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் தமிழில் பிரேசர், பிரேஸர், ப்ரேசர், ஃப்ரேசர் என்றெல்லாம் எழுதப்படும். டவுன் சிலரிடம் டவுண் ஆகும். இவற்றையெல்லாம் பிடிக்க எழுதப்படும் வடிவம் இது:

ஃ?(பி|ப்)ரே[சஸ]ர் ?டவு[னண]

இறுதியில் புள்ளி ஏன் இல்லை? பிழையா, திட்டமா? திட்டந்தான். "டவுன்" என்று புள்ளியோடு தேடினால் "டவுனில்", "டவுனுக்கு" இரண்டும் அகப்படா. வேற்றுமை உருபு ஏறியதும் புள்ளி போய் உயிர்க்குறி வந்துவிடுகிறது. தமிழ் உரைநடையில் இடப்பெயர் உருபேற்றே பெரும்பாலும் வரும் என்பதால், ஒரு புள்ளியில் தரவின் பெரும்பகுதி போய்விடும். இந்த முடிவுக்கான காரணம் மேற்கண்ட வரியில் எங்கேனும் தெரிகிறதா? மேலும், இவ்விடத்தின் அலுவல்முறைப் பெயர் புலிகேசி நகர். அதைச் சேர்க்காமல் தேடிய ஒருவர், இப்பகுதி பற்றிய குறிப்புகள் அருகிவிட்டன என்று கட்டுரை எழுதினால் மறுப்பதற்கு நம்மிடம் எதுவும் இராது.

இவ்வடிவத்தையே தொடர்முறையில் எழுதலாம்:

பிரேசர் = இருக்கலாம்("ஃ").ஏதேனும்ஒன்று("பி", "ப்").பிறகு("ரே").ஏதேனும்ஒன்று("ச", "ஸ").பிறகு("ர்")
டவுன்_உருபேற்கும் = பிறகு("டவு").ஏதேனும்ஒன்று("ன", "ண")
இடம் = பிரேசர்.இருக்கலாம்(" ").பிறகு(டவுன்_உருபேற்கும்)

நிரலே அறியாத தமிழ்ப் பேராசிரியரும் இதைப் படித்து, "புலிகேசி நகர் எங்கே?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

சுருக்கமே சூத்திரத்தின் அழகு என்று நன்னூலைத் துணைக்கு அழைப்போர் உளர். நல்லது. ஆனால் தொல்காப்பியச் சூத்திரங்களை நாம் தனித்துப் படித்தோமா? இளம்பூரணரும் சேனாவரையரும் இல்லாமல் எந்த வகுப்பில் அவை நடத்தப்பட்டன? உரையோடு வழங்கிய மரபைக் காட்டி உரையில்லாக் குறியீட்டுக்கு நியாயம் தேடுவது விந்தை. ரெஜெக்ஸின் சுருக்கத்துக்கும் புனிதம் ஏதுமில்லை. கிளீனி 1951இல் கணிதத்துக்காக வகுத்த குறியீட்டை, 1968இல் கென் தாம்சன் உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். தட்டச்சும் நினைவகமும் அருமையாக இருந்த காலத்தின் சிக்கனம் அது. 2022இல் ஸ்விஃப்ட் மொழியே சொற்களால் வடிவம் கட்டும் முறையைத் தன் அடிப்படை நூலகத்தில் சேர்த்துக்கொண்டது.

தமிழுக்கு இன்னொரு வம்பும் உண்டு. பைத்தானுடன் வரும் ரெஜெக்ஸ் நூலகத்தில், "சொல்லெழுத்து" எனும் குறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கருதுவதில்லை. "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால் "தம", "ழ" என்று இரு துண்டுகள் கிடைக்கும். வேடிக்கை என்னவெனில், அதே பைத்தான் "தமிழ்" என்பதை மாறியின் பெயராகத் தடையின்றி ஏற்கும்! அந்தக் குறியை நம்பி எத்தனை சொற்பட்டியல்கள் தயாராயினவோ. ஓப்பன்-தமிழ் நூலகம் த, மி, ழ் என்று சரியாகவே பிரிக்கிறது. அத்தகைய எழுத்துணர்வின் மேல் "தமிழ்_எழுத்து" என்றொரு முறையை ஒருமுறை கட்டி வைத்தால், ஒவ்வொரு மாணவரும் இக்குழியைத் தனித்தனியே கண்டறிய வேண்டியதில்லை.

தொடர்முறை நூலகங்களைக் கண்மூடி வாங்கச் சொல்லவில்லை. பல நூலகங்கள் குறிக்குப் பதில் ஒரு சொல்லை வைப்பதோடு நின்றுவிடுகின்றன; நீளந்தான் கூடும், தெளிவு கூடாது. பகுதிகளுக்கு நம் துறையின் பெயர்களை, அதாவது உருபு, சாரியை, ஒற்று என்று, இடும்போதுதான் பயன். வேகச் சிக்கலையும் அது தீர்க்காது: 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவையை ஏறத்தாழ அரை மணி நேரம் முடக்கிய வடிவத்தை அழகிய சொற்களில் எழுதியிருந்தாலும் அது முடக்கியே இருக்கும். ஐந்தெழுத்துத் தேடலுக்கு இதெல்லாம் தேவையுமில்லை.

ஆய்வேடு வேறு. அதில் ஓர் எண்ணிக்கை அட்டவணை இருந்தால், அதை ஈன்ற வடிவம் பெயரிட்ட பகுதிகளோடும், அது பிடிக்க வேண்டிய பத்துச் சொற்களோடும், பிடிக்கக் கூடாத பத்துச் சொற்களோடும் பின்னிணைப்பில் அச்சாக வேண்டும். நெறியாளர்கள் இதைக் கேட்கத் தொடங்கினால் போதும். பல்கலைக்கழக ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.